லேசர் காட்டாதது

டோஸ்ட்ருப்,
டென்மார்க்,
17 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அண்ணா,

இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வரும்போது முதுகுவலி குறைந்திருக்க வேண்டும். மேனுஜா மச்சாளும் பிள்ளையும் எப்படி? அம்மாவுக்குத் தோள்மூட்டு நோகிறது. முதியோர் இல்லத்தில் ஆட்களைத் தூக்கித் தூக்கி வந்த நோவு. லீவு எடுக்கச் சொன்னால் முறைக்கிறார். அப்பா வழக்கம்போல் ரீவியோடு கதைக்கிறார், எங்களோடு இல்லை. எனக்கு ஒரு குறையும் இல்லை.

ரெலிபோனில் சொல்லியிருக்கலாம். ஆனால் எட்டு வயதில் இங்கே வந்து இறங்கியதும், "அண்ணாவுக்கு மாசம் ஒரு கடிதம் எழுது, இல்லாட்டித் தமிழ் மறந்துபோகும்" என்று அம்மா பிடித்த பிடி இருபத்துமூன்று வயதிலும் என்னை விடவில்லை. உங்களுக்குக் கடிதத்தில் எழுதினால்தான் ஒரு விசயம் உண்மையாக நடந்ததுபோல் இருக்கிறது.

நான் யெமவேர்னவில் சேர்ந்துவிட்டேன். சம்பளம் இல்லாத படை. தச்சன், ஆசிரியை, பஸ் ஓட்டுபவர் என்று கிழமை நாட்களில் வேலை செய்கிறவர்கள் சனி ஞாயிறில் சீருடை போட்டுப் பயிற்சி எடுப்பார்கள். நாட்டுக்கு ஏதும் நடந்தால் வெளியே வந்து நிற்க வேண்டும். தமிழில் சொன்னால் ஊர்காவல் படை. அப்படித்தான் வீட்டில் சொன்னேன். அம்மாவின் கையிலிருந்த அகப்பை கீழே விழுந்தது. அப்பா ரீவியை நிறுத்திவிட்டு, "அந்தப் பேரை இந்த வீட்டுக்குள்ள இன்னொருக்காச் சொல்லாத" என்றார். சண்டைக் காலத்தில் எங்கள் பக்கத்தில் அந்தப் பெயரைக் கேட்டு ஆட்கள் காட்டுக்குள் ஓடியது எனக்குத் தெரியாமலில்லை. யோசிக்காமல் சொல்லிவிட்டேன். இப்போது கோயிலில் யாரும் கேட்டால் அம்மா, "மகள் சனி ஞாயிறில ஒரு கோர்ஸ் செய்யிறாள்" என்கிறார்.

அந்தக் கோர்ஸில் எனக்கு ஒரு துவக்குத் தந்திருக்கிறார்கள். முதல் நாள் சூட்டில் என் அணியில் நான்தான் முதல். பயிற்சி தருபவர் மோன்ஸ், மற்ற நாட்களில் தண்ணீர்க்குழாய் பொருத்துகிறவர். என் இலக்குத் தாளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "முந்தி எங்கே பழகினாய்?" என்றார். எங்கேயும் இல்லை என்றேன். பக்கத்தில் நின்ற ஒருவன், "ஸ்ரீலங்காத் தமிழ்தானே, ரத்தத்தில் இருக்கும்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். ரத்தத்தில் இல்லை, மூச்சில் இருக்கிறது என்று சொன்னேன். மூச்சை வெளியே விட்டு, அடுத்ததை எடுக்குமுன் விசையை அழுத்த வேண்டும். அவன் நெஞ்சு நிறைய இழுத்துப் பிடித்துக்கொண்டு சுட்டான். அவனுடைய தாள் புதிதுபோலத் திரும்பி வந்தது.

கோபமா, சந்தோசமா? மறைக்காமல் எழுதுங்கள்.

உங்கள் தங்கை
சாரங்கா


கொன்றையடிமடு,
மட்டக்களப்பு மாவட்டம்,
14 செப்டம்பர் 2025

அன்புத் தங்கச்சிக்கு,

முதுகுவலி குறையவில்லை, அதற்குக் கடிதம் வாசிக்கத் தெரியாது. மச்சாள் சுகம். பிள்ளைக்கு முன்பல் இரண்டும் விழுந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். அம்மாவின் தோளுக்கு நல்லெண்ணெய் சூடாக்கிப் பூசிவிடு, வேண்டாம் என்றாலும் பூசு.

கோபமா என்று கேட்டாய். பதினைந்து வயதுக்கு மேலே போன பிள்ளை தாய் தகப்பனோடு வந்து சேர முடியாது என்று அந்த நாட்டுச் சட்டம் சொன்னபோது எனக்குப் பதினாறு. என்னை வேண்டாம் என்ற நாட்டுக்கு என் தங்கச்சி காவல் நிற்கிறாள். முதலில் சிரிப்புத்தான் வந்தது. அணியில் முதல் ஆள் என்று வாசித்த இடத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. மச்சாளைக் கூப்பிட்டு அந்த இடத்தை மட்டும் திருப்பித் திருப்பி வாசித்தேன். "ஒருக்கா வாசிச்சா விளங்காதா?" என்று அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். போதுமா பதில்?

இப்போது நீ எனக்கு ஒரு உதவி செய்ய வேண்டும். மழையோடு, காடு வெட்டின சேனை நிலத்தில் சோளன் போடப்போகிறேன். சோளன் பால் பிடிக்கிற நேரம் காட்டுப்பண்டி கூட்டமாய் வரும். சேனைக் காவலுக்கு அரசாங்கம் அனுமதியோடு தந்த ஒற்றைக்குழல் துவக்கு என்னிடம் இருப்பது உனக்குத் தெரியும். துவக்கு இல்லாவிட்டால் சோளன் இல்லை. சோளன் இல்லாவிட்டால் அந்த வருசமே எங்களுக்கு இல்லை. பக்கத்துச் சேனை ஞானரட்ணம் அண்ணன் ரவுண் கடையில் ஒரு லேசர் பார்த்துவிட்டு வந்து நிம்மதியில்லாமல் திரிகிறார். "தம்பி, குழலுக்குக் கீழ கட்டுறதுதான் வேலை. சிவப்புப் பொட்டைப் பண்டியில வை, தட்டு, முடிஞ்சுது. குருடனும் சுடலாம்" என்கிறார். இரண்டு பேரும் ஆளுக்கொன்று வாங்குவோம் என்று ஒரே கரைச்சல். ஒன்றின் விலைக்கு நான் சோளனுக்குப் பசளை வாங்கலாம். நீ படித்த ஆள், சொல். உண்மையிலேயே அதில் உபயோகம் உண்டா?

அன்புடன்
அண்ணா கஜதீபன்


டோஸ்ட்ருப்,
12 ஒக்டோபர் 2025

அன்புள்ள அண்ணா,

நல்லெண்ணெய் பூசினேன், அம்மா திட்டிக்கொண்டே தோளைக் காட்டினார். இங்கே இலையெல்லாம் கொட்டிவிட்டது. ஆட்களின் முகம் இனி ஏப்ரலில்தான் வெளிக்கும். எனக்குச் சளி, தடிமன்கூட இல்லை.

உங்கள் கேள்வியை மோன்ஸிடம் கொண்டுபோனேன். அவர் ஒரு லேசரைக் கொண்டுவந்து மாட்டி, "சுட்டுப் பார், பிறகு அண்ணனுக்கு எழுது" என்றார். சுட்டுப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

பகலில் அது குப்பை. வெயிலில் கொஞ்சத் தூரம் தள்ளினாலே பொட்டு எங்கே என்று தெரியாது. தெரியாத பொட்டைத் தேடிக்கொண்டு நிற்கிற நேரத்தில் பண்டி அடுத்த ஊருக்குப் போய்விடும். இரண்டாவது, வெளிச்சம் நேரே போகும், குண்டு வளைந்து விழும். இரண்டும் ஏதோ ஒரு தூரத்தில்தான் சந்திக்கும். அதற்குக் கிட்டவோ தூரவோ நின்றால் பொட்டு ஓரிடம், வெடி ஓரிடம். கீழே படம் கீறியிருக்கிறேன், பாருங்கள். மூன்றாவது, மழையிலும் பனிப்புகாரிலும் அந்தச் சிவப்பு, கயிறு மாதிரித் தெரியும். ஒரு நுனி இலக்கில், மற்ற நுனி உங்கள் கையில். நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று ஊருக்கே காட்டிக்கொடுக்கும்.

உபயோகமே இல்லை என்று சொல்லவில்லை. இருட்டில் பார்க்கிற கண்ணாடி போட்டால் துவக்கில் கன்னம் வைத்துக் குறி பார்க்க முடியாது. அப்போது அந்தக் கண்ணாடிக்கு மட்டும் தெரிகிற லேசர் இல்லாமல் ஒன்றும் செய்ய இயலாது. பழகுகிறவர்களுக்கு அது நல்ல வாத்தியார். குண்டு போடாமல் சுவரில் பொட்டை வைத்து விசையை அழுத்தினால், கை எவ்வளவு ஆடுகிறது என்று பொட்டு சொல்லிவிடும். ரத்தத்தில் இருக்கும் என்று சொன்னவனின் பொட்டு சுவரில் கூத்தாடியது. என்னுடையது அசையவில்லை.

உங்களுக்கு என் பதில் இதுதான். வாங்க வேண்டாம். ஒரு நல்ல ரோச் லைற் வாங்கிக் குழலோடு கட்டுங்கள். லேசர் எங்கே என்று காட்டும், எது என்று காட்டாது. அந்தச் சிவப்புப் பொட்டுக்குப் பின்னால் நிற்பது பண்டியா ஞானரட்ணம் அண்ணனா என்று முதலில் தெரிய வேண்டும்.

ஒரு படமும் வைத்திருக்கிறேன். சீருடை, துவக்கு, குழலில் அந்த லேசர். மோன்ஸ்தான் எடுத்தார். அம்மா தனக்குத் தந்த பிரதியை அலுமாரியில் உடுப்புக்குக் கீழே வைத்திருக்கிறார். ஒருவராவது வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள்.

உங்கள்
சாரங்கா


கொன்றையடிமடு,
16 நவம்பர் 2025

அன்புத் தங்கச்சிக்கு,

எங்கள் எல்லோருக்கும் சுகம், முதுகுவலிக்கும் சுகம். சோளன் முழங்கால் அளவு வந்துவிட்டது.

உன் படத்தைக் கண்ணாடி போட்டு முன் விறாந்தையில் மாட்டிவிட்டேன். பிள்ளையாருக்கு அடுத்தது நீ. மச்சாள், "உள்ளுக்குப் போடுங்க, ஆக்கள் என்னவும் நினைப்பாங்க" என்றாள். நினைக்கட்டும் என்றுதான் வெளியே போட்டேன். ஞானரட்ணம் அண்ணன் படத்துக்கு முன்னால் நின்று, "எந்த இயக்கம் தம்பி?" என்று கேட்டார். "டென்மார்க் ராசாட இயக்கம்" என்றேன். ஒரு மாதிரிச் சிரித்துவிட்டு, "சீருடை நல்லாத்தான் இருக்கு. எங்கட பிள்ளையள் செருப்பும் இல்லாம நிண்டவங்க" என்றார்.

சேனைக்காரர் எல்லோரும் வந்த கமக்காரர் கூட்டத்தில் உன் கடிதத்தை வாசித்தேன். நீ கீறிய படத்தை ஆளுக்காள் வாங்கிப் பார்த்தார்கள். லேசர் வாங்க இருந்தவர்கள் எல்லோரும் ரோச் லைற்றுக்கு மாறிவிட்டார்கள். ரவுண் கடைக்காரன் உன்னைத் தேடுகிறானாம். செயலாளர் எழும்பி, "துவக்கு விசயத்தில இண்டைக்கு ஒரு பொம்பிளப் பிள்ளை சொல்லி நாங்க கேட்டிருக்கம்" என்றார். கை தட்டினார்கள். அந்தச் சத்தத்தைக் கடிதத்தில் வைத்து அனுப்ப முடியுமானால் அனுப்பியிருப்பேன்.

என் வயதை ஒரு வருசம் குறைத்துச் சொல்லியிருந்தால் நானும் வந்திருப்பேன் என்று அப்பா இப்போதும் நினைப்பாரா? கேட்காதே. சும்மா எழுதினேன்.

அன்புடன்
அண்ணா


டோஸ்ட்ருப்,
30 நவம்பர் 2025

அன்புள்ள அண்ணா,

புயல் செய்தி பார்த்துவிட்டு இங்கே ஒருவரும் சாப்பிடவில்லை. "நாங்க மேட்டில, பயமில்லை" என்று நீங்கள் ரெலிபோனில் சொன்ன பிறகுதான் அம்மா சோற்றில் கை வைத்தார். பிள்ளைக்குக் காய்ச்சல் வராமல் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் கொடுங்கள்.

கூட்டத்தில் கை தட்டியதை வாசித்து நான் பஸ்ஸில் அழுதேன். பக்கத்திலிருந்த கிழவி எழும்பி வேறு சீற்றுக்குப் போய்விட்டாள்.

எனக்குக் குறிசூட்டுச் சின்னம் கிடைத்துவிட்டது. புதிதாகச் சேர்கிறவர்களுக்குப் பழக்க மோன்ஸுக்கு உதவியாக என்னைப் போட்டிருக்கிறார்கள். இதைக் கேள்விப்பட்டு இங்கத்தைய பத்திரிகைக்காரி ஒருத்தி வந்தாள். அகதியின் மகள், கறுத்த தோல், டென்மார்க் சீருடை, ஒருங்கிணைவுக்கு அழகான உதாரணம் என்று எழுதப்போகிறாளாம். "நான் நல்லாச் சுடுறன் எண்டு எழுது, அதுதான் செய்தி" என்றேன். அதை எழுத மாட்டாளாம். சரி, படமும் இல்லை என்று வந்துவிட்டேன். அம்மா பதினைந்து வருசமாக இவர்களின் கிழவர்களைக் குளிப்பாட்டுகிறார், அதை ஒருத்தியும் வந்து படம் எடுக்கவில்லை. நான் துவக்குத் தூக்கியதும் ஓடி வருகிறார்கள்.

சோளன் எவ்வளவு உயரம்? உடனே எழுதுங்கள்.

உங்கள்
சாரங்கா


டோஸ்ட்ருப்,
11 ஜனவரி 2026

அன்புள்ள அண்ணா,

பொங்கலுக்கு முன் இது வந்து சேராது என்று தெரியும், இருந்தாலும் வாழ்த்துகள். இங்கே பனி. அம்மா ஒருமுறை வழுக்கி விழுந்து, நல்ல வேளையாக எலும்பு தப்பியது.

உங்கள் கடிதம் வரவேயில்லை. இந்த ஊரில் சிவப்புத் தபால் பெட்டிகளையெல்லாம் கழற்றிவிட்டார்கள். இனிமேல் கடிதம் எழுதுகிறவர்கள் கடையில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கடைப் பெடியன் என் கடித உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், அருங்காட்சியகத்தில் கண்டதுபோல. இந்தக் குழப்பத்தில் உங்கள் கடிதம் எங்கேயோ கிடக்கிறது என்று அம்மாவுக்குச் சொல்கிறேன்.

ஆனால் ரெலிபோனில் ஏன் அண்ணா இப்படி? "சுகம், வைக்கிறன்" என்று இரண்டு சொல். மச்சாள் எடுத்தால் நீங்கள் சேனையில் என்கிறார். நடுப்பகலில் எடுத்தாலும் சேனை. நான் அளவுக்கு மீறிப் பெருமை அடித்துவிட்டேனா? அப்படியென்றால் நேரே திட்டுங்கள்.

சாரங்கா


கொன்றையடிமடு,
1 பெப்ரவரி 2026

அன்புத் தங்கச்சி சாரங்காவுக்கு,

நாங்கள் மூன்று பேரும் நலம். அம்மாவைப் பனியில் வெளியே விடாதே.

இது மச்சாளின் எழுத்து. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறாள். பரணிலிருந்து இறங்கும்போது விழுந்து வலக்கையில் சின்ன அடி. புயலுக்குப் பிறகு வேலை கூட, அதனால்தான் எழுதவில்லை. துவக்கை எண்ணெய் போடக் கொடுத்திருக்கிறேன்.

இனி லேசர், சூடு, பயிற்சி பற்றி எழுத வேண்டாம். படமும் அனுப்ப வேண்டாம். பனி எப்படி இருக்கும், அம்மா என்ன சமைத்தார் என்று எழுது. பிள்ளை கேட்க ஆசைப்படுகிறாள்.

இப்படிக்கு
அண்ணா


டோஸ்ட்ருப்,
22 பெப்ரவரி 2026

அண்ணாவுக்கு,

எல்லோரும் உயிரோடு இருக்கிறோம்.

பனி வெள்ளையாக இருக்கும். அம்மா நேற்று சொதி வைத்தார். போதுமா?

துவக்கை எண்ணெய் போடக் கொடுத்தேன் என்று எனக்கே எழுதுகிறீர்கள். தேங்காய் எண்ணெய்ப் போத்திலோடு வாசலில் குந்தியிருந்து நீங்களே துடைக்கிற துவக்கு அது. பண்டி வருகிற மாதத்தில் அதை யாராவது கைவிட்டுக் கொடுப்பார்களா? பொய் சொல்வதென்றால் துவக்குத் தெரியாத ஆளுக்குச் சொல்லுங்கள்.

எனக்கு விளங்குகிறது. முதல் கொஞ்சம் கை தட்டினீர்கள். பிறகு யோசித்திருப்பீர்கள், நான் அங்கே வந்திருந்தால் அந்தச் சீருடை எனக்கு என்று. நீங்கள் பதினாறில் நின்றது என் குற்றமா? சட்டத்தை நான் எழுதவில்லை, எனக்கு எட்டு வயது. இதற்குப் பெயர் பொறாமை, அண்ணா. நீங்கள் எழுத வெட்கப்படுகிறீர்கள், நான் எழுதிவிட்டேன்.

சாரங்கா


கொன்றையடிமடு,
15 மார்ச் 2026

அன்புள்ள மச்சாளுக்கு,

மேனுஜா எழுதுகிறேன். அவருக்குத் தெரியாது. நீங்களும் மாமாவும் மாமியும் சுகமாக இருக்க வேண்டும் என்றுதான் எப்போதும் கும்பிடுகிறேன், இன்றைக்குக் கோபத்தோடு கும்பிடுகிறேன்.

உங்கள் படத்தை அவர் விறாந்தையில் மாட்டினார். உங்கள் கடிதத்தைக் கூட்டத்தில் வாசித்தார். தமிழ்ப் பிள்ளை, சீருடை, துவக்கு, எப்படிச் சுடுவது என்று கீறிய படம். அங்கே அது உங்களுக்குப் பதக்கம். இங்கே அதற்கு வேறு அர்த்தம். யார் சொன்னார்கள் என்று தெரியாது. புயல் முடிந்து தண்ணீர் வடிந்த கையோடு இராணுவ ஜீப் வந்தது. படத்தைக் கழற்றினார்கள். கடிதங்களைக் கட்டாக எடுத்தார்கள். துவக்கையும் அனுமதிப் பத்திரத்தையும் கொண்டுபோனார்கள். அவரையும்தான். நாலாம் நாள் விட்டார்கள். அதற்குப் பிறகு கிழமைக்குக் கிழமை ரவுணுக்குப் போய்க் கையெழுத்து. தங்கச்சி எந்தக் காம்பில் பழகினாள், லேசர் யாருக்கு அனுப்பப்போகிறாள், ஊரில் யாருக்குப் பழக்குகிறாய். அதே கேள்விகள்தான், மறுகா மறுகா.

பரணிலிருந்து அவர் விழவில்லை. அதற்கு மேலே நான் எழுத மாட்டேன்.

புயல் விட்டுவைத்த சோளனைப் பண்டி தின்றுவிட்டது. நானும் அவரும் தகரம் தட்டினோம், நெருப்பு வைத்தோம். பண்டிக்குத் தெரிந்துவிட்டது இந்த வீட்டில் துவக்கு இல்லை என்று. ஞானரட்ணம் அண்ணன் தன் சேனையை விட்டுவிட்டு எங்கள் எல்லையில் வந்து நின்றார், பாவம், ஒரு ஆள் எத்தனை பக்கம் நிற்கிறது?

உங்களுக்கு ஒன்றும் எழுதக் கூடாது என்று என்னிடம் பிள்ளையின் தலையில் சத்தியம் கேட்டார். "அவள் அங்க இப்பதான் தலை நிமிர்ந்து நிக்கிறாள், அதைக் குனிய வைக்காத" என்றார். நான் சத்தியம் செய்யவில்லை, அடுப்பில் பால் பொங்குது என்று எழும்பிப் போய்விட்டேன். பொறாமை என்று நீங்கள் எழுதியதை வாசித்துவிட்டுச் சிரித்தார். "பிள்ளை கோபத்திலும் நேராத்தான் சுடுறாள்" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

காசு அனுப்பாதீர்கள். நீங்கள் யார் என்று சொல்லுகிற ஏதாவது அனுப்புங்கள். துவக்குத் திரும்பி வராவிட்டால் அடுத்த போகமும் இல்லை.

மேனுஜா


டோஸ்ட்ருப்,
5 ஏப்ரல் 2026

அன்புள்ள அண்ணா, மச்சாள்,

இரண்டு பேரும் சுகமா என்று கேட்க வெட்கமாக இருக்கிறது. பிள்ளையின் பல் முளைத்துவிட்டதா?

மச்சாளைத் திட்ட வேண்டாம். எழுதினால்தான் நடந்ததுபோல் இருக்கும் என்று சொன்னவள் நான். அந்த ஒரு சொல்லையும் நான்தான் எழுதினேன், அதைத் திருப்பி எடுக்க வழியில்லை. மன்னிப்பு என்று எழுதி உங்களைத் தேற்ற வைக்கவும் விருப்பமில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

மச்சாளின் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்தேன். அம்மா அழவில்லை. அலுமாரியைத் திறந்து உடுப்புக்குக் கீழேயிருந்த என் படத்தை எடுத்துக் கைப்பையில் வைத்தார். "உன்ட பெரியவர் ஆர்? அங்க போவம்" என்றார். முதியோர் இல்லத்து உடுப்போடு, பெயர்ப்பட்டி நெஞ்சில் தொங்க, எங்கள் படைக் கொம்பனித் தலைவரின் முன்னால் போய் இருந்தார். நான் மொழிபெயர்க்க வாயைத் திறந்தேன். கையால் தடுத்துவிட்டார். கிழவர்களோடு பழகிப் பிடித்த டேனிஷ் அது. இலக்கணம் இல்லை, ஆனால் ஒருவரும் விளங்கவில்லை என்று சொல்ல முடியாது. தமிழில் எழுதுகிறேன்:

"பதினைஞ்சு வருசமா உங்கட தாய் தகப்பனை நான் குளிப்பாட்டுறன். என்ட மகனுக்கு ஒரு வயசு கூட எண்டு உங்கட சட்டம் அவனை விட்டுட்டு வரச் சொன்னது. விட்டுட்டு வந்தன். இப்ப என்ட மகள் உங்கட உடுப்பைப் போட்டதுக்கு அவனைப் பிடிச்சு அடிக்கிறாங்கள். இவள் உங்கட ஆள் எண்டு நீங்க எழுதித் தாங்க. இல்லையெண்டா உடுப்பைக் கழட்டி உங்கட மேசையில வைக்கச் சொல்லுறன்."

தலைவர் எழும்பி நின்றார், அண்ணா. பெரிய உடம்புக்காரர், முகமெல்லாம் சிவந்துவிட்டது. அன்றைக்கே எழுதினார்: நான் யார், எங்கே பழகுகிறேன், என் துவக்கு யாருடையது, அந்தப் படம் எங்கே எடுத்தது. முத்திரை குத்தி உரிய இடங்களுக்கெல்லாம் அனுப்பியிருக்கிறார். பிரதி இதோடு இருக்கிறது. மோன்ஸ் தானும் ஒன்று எழுதினார். "லேசர் பற்றி அவள் எழுதியது முழுக்கச் சரி, அவள் தமையன் வாங்க நினைத்ததைத் தடுத்தவள் அவள்தான்" என்று.

நான் துவக்கோடு நின்றால் இங்கே ஒருங்கிணைவு. நீங்கள் என் படத்தோடு நின்றால் அங்கே பயங்கரவாதம். இரண்டு நாட்டாரிடமும் எனக்குச் சொல்ல இருப்பது ஒன்றுதான், இப்போது சொல்ல மாட்டேன், கெட்ட வார்த்தை.

கோயில் விசயத்தையும் கேளுங்கள். போன வெள்ளி ஒரு மாமி, "மகளின்ர கோர்ஸ் முடிஞ்சுதா?" என்று கேட்டார். அம்மா கைப்பையிலிருந்து படத்தை எடுத்துக் காட்டி, "கோர்ஸ் இல்லை. படை. இவள் மற்ற ஆக்களுக்குச் சுடப் பழக்குறாள்" என்றார். கோயில் முழுக்கக் கேட்டது.

உங்கள் கை எப்படி? உண்மையை எழுதுங்கள்.

சாரங்கா


கொன்றையடிமடு,
10 மே 2026

அன்புத் தங்கச்சிக்கு,

இது என் எழுத்து. கோணலாக இருந்தாலும் என் எழுத்து. கை அப்படித்தான், இரண்டு விரல் முழுக்க மடங்காது. விசைக்கு வேண்டிய விரல் மடங்கும். பிள்ளைக்குப் பல் முளைத்துவிட்டது, சிரிப்பை நிறுத்த முடியவில்லை.

துவக்கு வந்துவிட்டது. கடைசி விசாரணைக்கு ஒரு புது அதிகாரி, நரைத்த மீசைக்காரர், கொஞ்சம் தமிழ் தெரியும். மேசையில் உங்கள் கொம்பனித் தலைவரின் கடிதம், மோன்ஸின் கடிதம், உன் படம், நீ கீறியது எல்லாம் இருந்தது. வெகுநேரம் வாசித்தார். பிறகு, "இந்த லேசர் நல்லதா, இல்லையா?" என்று கேட்டார். பொறி வைக்கிறார் என்று நினைத்தேன். என்ன வந்தாலும் வரட்டும் என்று நீ எழுதியதை மனப்பாடமாய்ச் சொன்னேன். பகலில் தெரியாது, குண்டு வளையும், மழையில் கயிறு மாதிரி. கயிறு என்றதும் கையைக் காட்டி நிறுத்தினார். "சண்டை நேரம் எங்களுக்கும் தந்தது" என்றார். "மழையில எங்களைத்தான் காட்டிக்குடுத்தது. நாங்க பிளாஸ்டர் ஒட்டி மறைச்சது. உங்க நங்கி சொல்றது சரி."

என் கையைப் பார்த்தார். பிறகு கோப்பைத் திருப்பினார். நானும் கையை மேசைக்குக் கீழே இழுத்துக்கொண்டேன். ஆனால் சாரங்கா, எனக்கு முன்னால் ஒரு இராணுவக்காரன் என் தங்கச்சி சொல்வது சரி என்று சொன்னான். நான் கதிரையில் நிமிர்ந்து இருந்தேன். அந்த அறையில் நான் நிமிர்ந்து இருந்தது அதுதான் முதல் தரம்.

நான் போக எழும்பும்போது, "படத்தை வீட்டுக்குள்ள வை, சுவரில போடாத" என்றார்.

"சுவர் வீட்டுக்குள்ளதானே இருக்கு சேர்" என்றேன். முறைத்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

பொறாமை பற்றி எழுதியிருந்தாய். இல்லை என்று சொல்ல மாட்டேன். விமானம் ஏறும்போது நீ அம்மாவின் கையைப் பிடித்திருந்தாய், அன்றைக்கு நிறைய இருந்தது. மிச்சம் இருந்ததைச் சோளனோடு பண்டி தின்றிருக்கும். அடுத்த மழையோடு திரும்பவும் போடுகிறேன். அம்மா அங்கே போய்க் கதைத்ததை மச்சாள் எனக்கு மூன்று தரம் வாசித்தாள். ஒருக்கா வாசித்தால் விளங்காதா என்று நான் கேட்கவில்லை.

உன் படத்தின் மூலையில் கோப்பில் கோக்கத் துளை போட்டிருக்கிறார்கள். குழலில் இருக்கும் லேசரைச் சுற்றிச் சிவப்பு மையால் ஒரு வட்டம். அந்த வட்டத்தை அழிக்கப் பார்த்தாள் மச்சாள், நான் விடவில்லை. அப்படியே கண்ணாடி போட்டுப் பழைய இடத்தில், பிள்ளையாருக்குப் பக்கத்தில், விறாந்தையில் மாட்டியாயிற்று. அவர்கள் வட்டம் போட்டு எங்கே என்று காட்டியிருக்கிறார்கள். யார் என்று காட்டவில்லை. அதை நான் கீழே எழுதிவிட்டேன், இந்தக் கையால்தான், கோணல் எழுத்தில்:

சாரங்கா. என் தங்கச்சி. நன்றாகச் சுடுவாள்.

அன்புடன்
அண்ணா கஜதீபன்